ஓக் பீப்பாயில் முதிர்ந்த ஸ்பெயின் சிவப்பு ஒயினை எப்படிச் சுவைத்து எடைபோடுவது?

ஒரு ரியோஹா ரெசர்வா பாட்டிலைத் திறந்திருக்கிறீர்கள். மூக்கருகே கொண்டுபோனதும் வெனிலாவும் தேங்காயும் வாசனை அடித்தது, குடித்தால் ஈறெல்லாம் துவர்த்தது. "ரெசர்வா என்று போட்டிருக்கிறதே, இது நல்ல ஒயின்தானா? எப்படிச் சுவைத்துத் தெரிந்துகொள்வது?" என்று கேட்கிறீர்கள். சுவைக்கும் முறை இந்தக் கேள்வியில் பாதிதான். அந்த வெனிலாவும் தேங்காயும் ஒயினோடு பிறந்தவையா, மேலே பூசியவையா என்பதே உங்கள் உண்மையான சந்தேகம் என்று படிக்கிறேன். இரண்டும் திராட்சையிலிருந்து வரவில்லை, பீப்பாய் மரத்திலிருந்து வந்தவை. அதில் குற்றம் ஒன்றுமில்லை, ரியோஹாவின் மரபே அதுதான். அந்த மரத்தைத் தூக்கிச் சுமக்கும் அளவுக்கு உள்ளே பழம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைச் சொல்ல மூக்கு போதாது, வாயைத்தான் கேட்க வேண்டும்.

லேபிளில் உறுதியாக இருக்கும் செய்தியை முதலில் எடுத்துக்கொள்வோம். ரியோஹா வடக்கு ஸ்பெயினில் எப்ரோ ஆற்றை ஒட்டிய பகுதி. அங்கே சிவப்பு ஒயினுக்குக் கிரியான்சா என்று போட வேண்டுமானால் மொத்தம் 2 ஆண்டு முதிர வேண்டும், அதில் குறைந்தது 1 ஆண்டு 225 லிட்டர் ஓக் பீப்பாயில். ரெசர்வாவுக்கு மொத்தம் 3 ஆண்டு: 1 ஆண்டு பீப்பாயில், 6 மாதமாவது பாட்டிலில். கிரான் ரெசர்வாவுக்கு 5 ஆண்டு: 2 ஆண்டு பீப்பாயில், 2 ஆண்டு பாட்டிலில். பாட்டிலின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சிறிய முத்திரைச் சீட்டின் நிறமே இதைச் சொல்லிவிடும். கிரியான்சாவுக்குச் சிவப்பு, ரெசர்வாவுக்குக் கருஞ்சிவப்பு, கிரான் ரெசர்வாவுக்கு நீலம். இந்த முதிர்வு விதிக்குள் வராத பொது ஒயினுக்குப் பச்சை. ஸ்பெயினின் பொதுச் சட்டப்படி கிரியான்சாவுக்கு 330 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாயில் 6 மாதம் போதும். அதனால் வேறு பகுதியிலிருந்து வரும் கிரியான்சாவை ரியோஹாவோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. ரிபேரா தெல் துவேரோ என்ற இன்னொரு ஸ்பெயின் ஒயின் பகுதியில் ரியோஹா போலவே 12 மாதம். 'ரோப்ளே' என்று மட்டும் போட்டிருந்தால் (ஸ்பானிய மொழியில் ஓக் என்று பொருள்) பொதுவாகச் சில மாதங்களே மரத்தில் இருந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இவை அத்தனையும் காலக்கணக்கு. பீப்பாய் புதியதா பழையதா, அமெரிக்க ஓக்கா பிரெஞ்சு ஓக்கா என்பதைப் பற்றி ரெசர்வா என்ற சொல் வாயே திறக்காது. வாசனையை முடிவு செய்வது பெரும்பாலும் அதுதான். புதுப் பீப்பாய் தன் வாசனையில் பெரும்பங்கை முதல் ஒயினுக்கே கொடுத்துவிடும். மூன்று நான்கு முறை நிரப்பிக் காலி செய்தபின் அதிலிருந்து வெனிலாவோ தேங்காயோ அதிகம் இறங்காது. ரியோஹாவின் ஆரோ நகரில் 1877 முதல் இருக்கும் லோபெஸ் தெ எரேதியா நிறுவனத்தின் வினியா தொந்தோனியா ரெசர்வா சுமார் 6 ஆண்டு பீப்பாயில் கிடக்கிறது. ஆனால் அவை பல முறை பயன்பட்ட பழைய பீப்பாய்கள். அதனால் புதுப் பீப்பாயில் 12 மாதமே இருந்த ஒரு கிரியான்சா அதைவிடப் பல மடங்கு மரவாசனை அடிக்கலாம். மரவாசனை தூக்கலாக இருந்தால் நெடுநாள் முதிர்ந்தது என்று நினைப்பதுதான் இந்த ஒயின்களைப் பற்றி நிலவும் மிகப் பெரிய தவறு.

மரம் தருவது எது எது என்று தெரிந்துகொண்டால் மூக்கு தானாகப் பிரித்தெடுக்கும். தேங்காய் வாசனைக்குக் காரணம் ஓக் லாக்டோன். அமெரிக்க வெள்ளை ஓக்கில் இது பிரெஞ்சு ஓக்கைவிட நன்றாகவே கூடுதல். ரியோஹாவில் நூறு ஆண்டுக்கு மேலாக அமெரிக்க ஓக் புழங்குவதால் அந்த வாசனையே ஊரின் அடையாளம்போல ஆகிவிட்டது. வெனிலா வாசனை வனிலினிலிருந்து வருகிறது. கிராம்பு வாசனை வந்தால் அது யூஜெனால், கிராம்புத் தைலத்தில் இருக்கும் அதே பொருள். பலகைகளை வளைத்துப் பீப்பாய் கட்டும்போது உட்பக்கத்தைத் தீயில் வாட்டுவார்கள். புகை, வறுத்த பாதாம், காய்ச்சிய சர்க்கரை வாசனைகள் அந்த வாட்டத்தில் பிறப்பவை. அதிகம் வாட்டினால் காப்பிக்கொட்டை வாசனை வரை போகும்.

மரம் செய்யும் இன்னொரு வேலைக்கு வாசனையே கிடையாது. என் கணக்கில் அதுதான் பெரிய வேலை. பீப்பாய் வழியாக மிக மெதுவாக ஆக்ஸிஜன் உள்ளே போகிறது. அதனால் டானினும் (துவர்ப்பைத் தரும் பொருள்) நிறமிகளும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள, நிறம் நிலைக்கிறது, துவர்ப்பின் முனை மழுங்குகிறது. தொட்டியில் ஓக் துண்டுகளைப் போட்டால் வாசனை வரும், இந்த மெதுவான மூச்சு வராது. ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் ஓக் துண்டுகளை அனுமதித்தது. ஆனால் அப்படிச் செய்த ஒயினைப் பீப்பாயில் முதிர்ந்தது என்று சொல்லி விற்க முடியாது.

இனி சுவைக்கும் வேலை. முதலில் வெப்பநிலை சரியாக இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண். சிவப்பு ஒயினை 'அறை வெப்பநிலையில்' பரிமாற வேண்டும் என்பது குளிர்ந்த ஐரோப்பிய வீடுகளுக்குச் சொன்னது. 16 முதல் 18 டிகிரி வேண்டும். சென்னையில் அறையே 30 டிகிரி. அந்தச் சூட்டில் ஆல்கஹால் மூக்கில் குத்தும், பழம் அடங்கும், மரவாசனை மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். 30 டிகிரியில் இருக்கும் பாட்டில் சாதாரண ஃப்ரிட்ஜில் இறங்க ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் கழுத்துவரை முக்கினால் 10, 15 நிமிடம் போதும். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் கிளாஸில் விட்டுப் பாருங்கள். மாறாக 10 டிகிரிக்குக் குளிர்ந்துவிட்டால் வாசனை மூடிக்கொள்ளும், துவர்ப்பு இரட்டிப்பாகத் தெரியும். நீங்கள் சொன்ன துவர்ப்பில் ஒரு பங்கு இதனாலேயே இருக்கலாம்.

கிளாஸ் மேலே குறுகி வரும் வடிவில் இருக்கட்டும். 50 மில்லிக்கு மேல் ஊற்ற வேண்டாம், சுழற்ற இடம் வேண்டும். இளம் கிரியான்சா, ரெசர்வாவை அரை மணி நேரம் முன்பே ஒரு ஜாடிக்கு மாற்றி வைப்பது நல்லது. பழைய கிரான் ரெசர்வா என்றால் பாட்டிலை ஒரு நாள் முன்பே நிமிர்த்தி வைத்து, கழுத்துக்குக் கீழே வெளிச்சம் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சாய்த்து ஊற்றி, வண்டல் கழுத்தை எட்டியதும் நிறுத்த வேண்டும். அதை ஜாடியில் நெடுநேரம் வைக்கக் கூடாது. பழைய ஒயினின் வாசனை அரை மணியிலேயே கலைந்துபோகலாம்.

கண்ணுக்குச் சிறிய வேலைதான். வெள்ளைக் காகிதத்தின் மேல் கிளாஸை 45 டிகிரி சாய்த்து விளிம்பைப் பாருங்கள். ரியோஹாவின் முக்கியத் திராட்சையான டெம்ப்ரானியோ இளமையில் நாவல்பழச் சாறுபோல ஊதா கலந்திருக்கும். கிரியான்சா, ரெசர்வா வயதில் நடுப்பகுதி மாதுளை முத்து நிறத்துக்கு வரும். வயது கூடக்கூட விளிம்பு செங்கல் நிறமாகும், அகலமாகும். 4 அல்லது 5 வயது ரெசர்வாவின் விளிம்பே பழுப்பாக இருந்தால் சேமிப்பில் ஏதோ நடந்திருக்கிறது என்று எச்சரிக்கையாகுங்கள். அடர்ந்த நிறம் நல்ல ஒயினுக்கு அடையாளம் என்பது தவறு. கண்ணை அளவுக்கு மேல் நம்பவும் கூடாது. 2001-இல் வெளியான, பிரான்சின் போர்தோ நகர ஆய்வில், வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினை 54 ஒயின் மாணவர்களிடம் கொடுத்தபோது, அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வர்ணித்தார்கள். பயின்ற மூக்கையும் கண் ஏமாற்றும்.

மூக்கை இரண்டு முறை வையுங்கள். முதல் முறை சுழற்றாமல். நாற்றம், கெடுதல் ஏதும் இருந்தால் பெரும்பாலும் இப்போதே தெரியும். இரண்டாவது முறை நன்றாகச் சுழற்றிவிட்டு. பழம், மரம், வயது மூன்றையும் தனித்தனியே தேடுங்கள். டெம்ப்ரானியோவின் பழம் செர்ரி, ஸ்ட்ராபெர்ரி, பிளம்ஸ் பக்கம் நிற்கும். வயது காட்டுவது உலர்ந்த அத்தி, புகையிலை, தோல், காய்ந்த இலை வாசனைகள். இவை பாட்டிலில் கிடந்து உருவாகுபவை, மரவாசனையோடு போட்டுக் குழப்பக் கூடாது. முதல் முறை சுவைப்பவர்கள் ஒரு வேலை செய்யலாம். சிறு கிண்ணங்களில் துருவிய கொப்பரை, இரண்டு கிராம்பு, பென்சில் சீவிய துகள், உலர் அத்தி, காப்பித்தூள் எடுத்து வைத்துக்கொண்டு, கிளாஸையும் கிண்ணத்தையும் மாறிமாறி முகர்ந்து பாருங்கள். பென்சில் சீவல் தேவதாரு வகை மரத்தின் வாசனை. பிரெஞ்சு ஓக்கில் முதிர்ந்த ஒயின்களில் அதற்கு மிக அருகில் ஒரு வாசனை வரும். தேங்காயை அரைத்தே வளர்ந்த மூக்குக்கு ஓக் லாக்டோனைக் கண்டுபிடிக்கப் பயிற்சியே தேவையில்லை. பிறர் திணறுகிற இடம் அது, நமக்கு எளிது.

வாய்க்கு வருவோம். ஒரு மடக்கு, 10 முதல் 15 மில்லி. 8, 10 விநாடி வாயில் எல்லாப் பக்கமும் படும்படி வைத்திருங்கள். பிறகு விழுங்கலாம், துப்பலாம். பல ஒயின்களைப் பார்ப்பதாக இருந்தால் துப்புவதுதான் சரி, மூன்றாவது கிளாஸுக்கு மேல் தீர்ப்பு நம்பத்தக்கதாக இருக்காது. முதல் மடக்கை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடியுங்கள். இதை வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் தரும் சோதனை இதுதான். வெனிலாவும் தேங்காயும் மூக்கின் வழியாக மட்டுமே தெரிபவை. மூக்கை மூடிவிட்டால் மரம் தந்த வாசனை முழுக்க மறைந்துவிடும். புளிப்பு, துவர்ப்பு, ஆல்கஹாலின் சூடு, உடல்கனம் மட்டும் மிஞ்சும். அப்படி மிஞ்சியது நாக்கின் நடுவில் நிறைவாக, வழவழப்பாக நின்றால் ஒயினுக்கு எலும்பும் சதையும் இருக்கிறது. நடுவில் தண்ணீர்போல வெறுமையாகவும், ஓரத்தில் மட்டும் வறட்சியாகவும் இருந்தால் மூக்குக்கு வந்த இனிமை மேல்பூச்சு. இன்னொன்றும் இதில் விளங்கும். 'லேசாக இனிக்கிறது' என்று பலர் சொல்லும் ரியோஹாவில் சர்க்கரை ஏறக்குறைய இருக்கவே இருக்காது. வெனிலா வாசனை வந்ததும் மூளை இனிப்பைச் சேர்த்துக்கொள்கிறது. மூக்கை மூடினால் இனிப்பும் காணாமல் போகும்.

இரண்டாவது மடக்கில் மூக்கைத் திறந்துவிட்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். புளிப்பை அளக்க எச்சில் போதும். விழுங்கியபின் தலையைக் கொஞ்சம் குனிந்தால் எவ்வளவு ஊறுகிறது என்று தெரியும். டெம்ப்ரானியோ இயல்பிலேயே புளிப்பு குறைந்த திராட்சை. அதனால்தான் கிராசியானோ, மசுவேலோ ஆகிய வேறு திராட்சைகளைக் கொஞ்சம் சேர்த்து நிமிர்த்துகிறார்கள். கர்னாச்சா திராட்சை சேர்த்தால் கனமும் ஆல்கஹாலும் கூடும். துவர்ப்புக்கு நாக்கை முன்பல் ஈறின் மேல் ஓட்டுங்கள். டானின் எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வழுக்கல் போய் உராய்வு வருகிறது. அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்த மொழியில் இதைச் சொல்வது எளிது: வாழைப்பூத் துவர்ப்பா, நெல்லிக்காய்த் துவர்ப்பா, கொட்டைப்பாக்குத் துவர்ப்பா? நல்ல ரெசர்வாவில் அது நெல்லிக்காய்போல, துவர்த்துவிட்டு வாயை ஈரமாக விட்டுப்போகும். பாக்குபோல வாயை இறுக்கிக் காய வைத்து அப்படியே நின்றால் டானின் இன்னும் கனியவில்லை, அல்லது பழத்துக்கு மிஞ்சி மரம் ஏறியிருக்கிறது.

இந்த இரண்டில் எது என்று துவர்ப்பை மட்டும் வைத்துப் பிரிக்க முடியுமா? மரத்தின் டானின் கன்னத்தில் படும், திராட்சையின் டானின் ஈறில் படும் என்று சொல்பவர்கள் உண்டு. அதை நம்பித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், இடம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. உறுதியான வழி பின்சுவையைப் பார்ப்பது. விழுங்கியதும் மனத்துக்குள் எண்ணுங்கள். 5 விநாடிக்குள் எல்லாம் மறைந்தால் சாதாரண ஒயின். 10 விநாடி தாண்டினால் நல்லது, 20-ஐத் தொட்டால் மிக நல்லது. இந்த எண்கள் விதியல்ல, ஒரு கைக்கணக்கு. எவ்வளவு நேரம் என்பதோடு, கடைசியில் நிற்பது எது என்றும் பாருங்கள். செர்ரியோ உலர்பழமோ கடைசிவரை கூட வந்தால் மரம் தன் இடத்தில் இருக்கிறது. பழம் முதலில் போய், மரத்தூள் கசப்பும் வறட்சியும் தனியாக நின்றால் மரம் வென்றுவிட்டது. சந்தேகம் தீரவில்லையென்றால் பாதிப் பாட்டிலைக் கார்க் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் சுவையுங்கள். உள்ளே சரக்குள்ள இளம் ஒயின் மறுநாள் இன்னும் ஒருங்கிணைந்து வரும். பூச்சு மட்டும் உள்ளதில் பழம் சரிந்து வெனிலா மட்டும் மிஞ்சும். நன்கு வயதான கிரான் ரெசர்வாவுக்கு மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது, அது திறந்த அன்றே குடிக்க வேண்டியது.

தீர்ப்புச் சொல்லும் முன் கெட்டுப்போன பாட்டிலா என்று பார்த்துவிட வேண்டும். கார்க் கெடுதலுக்குக் காரணம் டிரைகுளோரோஅனிசோல் என்ற பொருள். லிட்டருக்குச் சில நானோகிராமே போதும், நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்துவிடும். அது லேசாக இருக்கும்போதுதான் ஏமாற்றும். நாற்றம் தெரியாது, பழத்தை மட்டும் அமுக்கிவிடும், மரம் தனித்து நிற்கும். 'பழமே இல்லை, வெறும் மரம்' என்று ஒரு ஒயினைத் தள்ளுவதற்கு முன் இன்னொரு பாட்டில் பார்க்கச் சொல்வது அதனால்தான். நகப்பூச்சு வாசனை வந்தால் எத்தில் அசிட்டேட், காடி நெடி வந்தால் அசிட்டிக் அமிலம். பழைய முறை ரியோஹாவில் இது மிக மெல்லிதாக இருந்து வாசனையைத் தூக்கிக்கொடுப்பதும் உண்டு, மூக்கை உறுத்தினால் குறை. தொழுவ வாசனையும் பிளாஸ்திரி வாசனையும் பிரெட்டனோமைசஸ் என்ற ஈஸ்டின் வேலை, பழைய பீப்பாய்களில் அது குடியிருக்கும். கொஞ்சம் இருந்தால் தோல் வாசனை என்று ரசிப்பவர்களும் இருக்கிறார்கள், அங்கே கோடு எங்கே என்பது ஆளுக்கு ஆள் மாறும். அணைத்த தீக்குச்சி வாசனை என்றால் பயம் வேண்டாம், பலமாகச் சுழற்றினால் பெரும்பாலும் போய்விடும். நம் ஊர்களில் எல்லாவற்றையும்விட முக்கியமானது சூடு. ஏசி இல்லாத கிடங்கில் ஒரு கோடை கிடந்த பாட்டிலில் கார்க் சற்று மேலே தள்ளியிருக்கும், உறைக்கு அடியில் ஒயின் கசிந்த பிசுக்கு இருக்கும், பழம் காய்ச்சிய ஜாம்போல மந்தமாகியிருக்கும். அந்தக் குறையை ஒயின் செய்தவர் கணக்கில் எழுதக் கூடாது.

வாசனையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாதவையும் உண்டு. பீப்பாயா ஓக் துண்டா என்று கண்ணைக் கட்டிக்கொண்டு தவறாமல் பிரிக்க முடியாது. எத்தனை மாதம் மரத்தில் இருந்தது என்பதும் ஊகம்தான். இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்றால், புளிப்பும் டானினும் பழமும் மூன்றும் இப்போது வலுவாக இருந்தால் தாங்கும் என்பதுவரை சொல்லலாம். ஆண்டைக் குறித்துச் சொல்வதை நம்ப வேண்டாம்.

உங்கள் பாட்டிலைப் பற்றி நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், தேங்காய் அவ்வளவு தெளிவாக வந்திருப்பதால் அமெரிக்க ஓக், அதுவும் அதிகம் பழகாத பீப்பாய் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். துவர்ப்பு ஒயினுடையதா, வெப்பநிலையால் வந்ததா என்பது திறந்திருக்கிறது. மீதி இருந்தால் 17 டிகிரிக்குக் கொண்டுவந்து மூக்கை மூடி ஒரு மடக்கு, திறந்து ஒரு மடக்கு குடித்துப் பாருங்கள். அதன்பின் கொழுப்புள்ள ஆட்டுக்கறியோடு ஒரு மடக்கு. ரியோஹாவில் திராட்சைக்கொடிச் சுள்ளியைக் கொளுத்தி அந்தத் தணலில் வாட்டிய ஆட்டுக்குட்டி விலாவோடுதான் இதைக் குடிக்கிறார்கள். இறைச்சியின் புரதமும் கொழுப்பும் டானினை வாங்கிக்கொள்ளும். துவர்ப்பு கறியோடு கரைந்து பழம் மேலே வந்தால் அந்த ரெசர்வா இளமையாக இருக்கிறது, அவ்வளவுதான், அடுத்த பாட்டிலை இரண்டு மூன்று ஆண்டு குளிர்ந்த இடத்தில் படுக்க வைக்கலாம். கறியோடும் மரத்தூள் வறட்சியே நின்றால், அடுத்த முறை அதே நிறுவனத்தின் பச்சைச் சீட்டு ஒயினையும் சிவப்புச் சீட்டுக் கிரியான்சாவையும் ஒன்றாக வாங்கி, பாட்டில்களைக் காகிதத்தில் சுற்றிவிட்டு அடுத்தடுத்து ஊற்றச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவே உங்களுக்குத் தெரியும் வித்தியாசத்தில் பெரும்பங்கு மரத்தினுடையது.